டிராட்டா, ட்ரூவா? – நாளைய ஆங்கில இலக்கணம், ஒரு கற்பனை



முதலாண்டில் நடந்த ஒரு சம்பவத்தோடு இந்தக் கட்டுரையை ஆரம்பிக்கிறேன். என் ஹாஸ்டல் அறை நண்பன் பத்தாம் வகுப்பு வரை கிராமத்தில் தமிழ் வழியில் படித்தவன். இன்ஜினியரிங் டிராயிங்கில் அவனை மிஞ்ச எங்கள் செக்ஷனில் ஆள் கிடையாது. நாங்கள் ரப்பரைத் தேடிக்கொண்டிருக்கும்போது அவன் படத்தை முடித்து ஷீட்டைப் போர்டிலிருந்து கழற்றிக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் ஆங்கில வகுப்பில், முந்தின நாள் செய்த வேலையைப் பற்றி ஒவ்வொருவரும் எழுந்து ஒரு வாக்கியம் பேச வேண்டும். அவன் முறை வந்தது. “எஸ்டர்டே ஐ டிராட் எ பேரிங் பிளாக்” என்றான். ‘டிரா’வோடு ஈ.டி. சேர்த்து ‘டிராட்’. வகுப்பே சிரித்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் நானும் சிரித்தேன். அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க ஆங்கில வகுப்பில் மறுபடி வாய் திறக்கவே இல்லை.

அன்று இரவு மெஸ்ஸில் என்னிடம் கேட்டான்: “வாக் – வாக்ட், ஒர்க் – ஒர்க்ட், ஹெல்ப் – ஹெல்ப்ட். எல்லாத்துக்கும் ஈ.டி. போடறோம். அப்ப டிரா – டிராட்னு சொன்னா மட்டும் ஏன்டா சிரிக்கறீங்க? இந்த ரூலை எவன்டா போட்டான்?”

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததில் கிடைத்த விஷயங்கள்தான் இந்தக் கட்டுரை.

ரூல் போட்டது யார்?

பதில்: யாரும் இல்லை.

பட்டறைகளில் ஸ்க்ரூ செய்து பல காலம் ஆன பிறகுதான் 1841ல் ஜோசப் விட்வொர்த் மரைக்கு ஒரு ஸ்டாண்டர்டு வேண்டும் என்று முன்வைத்தார். அதுவரை ஆளுக்கொரு பிட்ச், ஆளுக்கொரு கோணம். மொழியும் இப்படித்தான். முதலில் பேச்சு வந்தது, பிறகுதான் புத்தகம் வந்தது. ஆங்கிலம் பேசத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, 1762ல் ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் எழுதிய சிறிய இலக்கண நூல் பெரிய செல்வாக்குப் பெற்றது. இதுபோன்ற நூல்கள் வரும் முன்பே அந்த மொழி தலைகீழாக மாறியிருந்தது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை உருபுகள் இருந்தன. கல், கப்பல், வீடு எல்லாவற்றுக்கும் ஆண்பால், பெண்பால், அஃறிணைப் பால் என்று மூன்று பால்கள் இருந்தன. இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் வைக்கிங்குகள் குடியேறினார்கள். அவர்கள் மொழியும் ஆங்கிலமும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் மாதிரி. வேர்ச்சொல் புரியும், விகுதி புரியாது. பக்கத்துப் பக்கத்தில் குடியிருந்து கொடுக்கல் வாங்கல் செய்த இடத்தில், புரியாத விகுதிகள் வேகமாக உதிர்ந்தன. இன்று நாம் எழுதும் ‘தே, தெம், தெயர்’ மூன்றுமே அந்த வைக்கிங்குகள் கொண்டுவந்த சொற்கள்தான். 1066ல் நார்மன்கள் நாட்டைப் பிடித்தார்கள். பிரெஞ்சு அரசவை மொழியானது. ஆங்கிலம் பல தலைமுறைகள் பெரும்பாலும் சாதாரண ஜனங்களின் வாயில் வளர்ந்தது. பாலும் போச்சு, உருபும் போச்சு. வெளியாட்கள் கலந்து பேசப் பேச இலக்கணம் எளிதாகும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் பழைய இலக்கணம்

இனி என் நண்பன் சொன்ன மூன்று உதாரணங்களைப் பார்ப்போம். வாக், ஒர்க், ஹெல்ப். ஆச்சரியம் என்ன தெரியுமா? இந்த மூன்றுமே ஒரு காலத்தில் ஈ.டி. சேராத, முறை தவறிய வினைச்சொற்கள்! ஹெல்ப்பின் இறந்தகாலம் ‘ஹோல்ப்’ என்று இருந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில்கூட அந்த வடிவம் உயிரோடு இருந்தது. அப்போது முதன்முதலில் ‘ஹெல்ப்ட்’ என்று சொன்னவனைப் பார்த்து யாராவது சிரித்திருப்பார்கள்!

ஒர்க்கின் பழைய இறந்தகால வடிவத்தை நாம் தினமும் சொல்கிறோம். மெட்டீரியல் சயின்ஸில் படிக்கும் ‘ராட் அயர்ன்’ (தேனிரும்பு) இருக்கிறதே, அந்த ‘ராட்’ என்பது ஒர்க்கின் பழைய வடிவம். அடித்து வேலை செய்யப்பட்ட இரும்பு என்று பொருள். அதேபோல ஃபவுண்டரியில் ‘மோல்டன் மெட்டல்’ என்கிறோம். ‘மோல்டன்’ என்பது மெல்ட்டின் பழைய வடிவம். ஐஸ் உருகினால் ‘மெல்டட்’, இரும்பு உருகினால் மட்டும் ‘மோல்டன்’! ஷியர் என்ற சொல்லுக்கு ‘ஷோர்’ என்று ஓர் இறந்தகாலம் இருந்தது. அது போய் இன்று ‘த போல்ட் ஷியர்ட்’ என்றுதான் நாம் ரெக்கார்டில் எழுதுகிறோம். தேர்வில் இதற்கு முழு மார்க் விழுகிறது.

ஆக, எல்லாவற்றுக்கும் ஈ.டி. சேர்க்க வேண்டும் என்ற ஆசை என் நண்பனுக்கு மட்டும் வந்ததல்ல. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் பேசக் கற்கும் வயதில் ‘கோட்’, ‘டிராட்’ என்றுதான் சொல்கிறார்கள். அந்த மொழியே பல நூற்றாண்டுகளாகப் போய்க்கொண்டிருக்கும் திசை அது.

அரை ஆயுள் கணக்கு

2007ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரெஸ் லீபர்மேன், ஷான்-பாப்டிஸ்ட் மிஷெல், மார்ட்டின் நோவாக் முதலானோர் ‘நேச்சர்’ இதழில் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் முறை தவறி இருந்த 177 வினைச்சொற்களை எடுத்துக்கொண்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 மட்டும் அப்படியே இருந்தன. இன்று 98தான் மிச்சம். மற்றவை ஈ.டி. கட்சியில் சேர்ந்துவிட்டன.

எது முதலில் சேரும், எது சேராது? கதிரியக்கத் தனிமங்களுக்கு அரை ஆயுள் படித்திருக்கிறோம் அல்லவா? அதே கணக்கை இதற்கும் போட்டுப் பார்த்தார்கள். ஒரு சொல் எந்த அளவுக்குப் புழக்கத்தில் இருக்கிறதோ அந்த அளவுக்கு அதன் ஆயுள் கெட்டி. சரியாகச் சொன்னால், 100 மடங்கு குறைவாகப் புழங்கும் சொல் 10 மடங்கு வேகமாக மாறுகிறது. அதாவது அரை ஆயுள், புழக்கத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அவர்கள் தந்த கணக்கு ஏறக்குறைய இதுதான்:

1. பீ, ஹேவ் – அரை ஆயுள் 38,800 ஆண்டுகள்.
2. கோ, கம், நோ, சே போன்றவை – 14,400 ஆண்டுகள்.
3. டிரா, ரைட், பிரேக், டிரைவ் போன்றவை – 5,400 ஆண்டுகள்.
4. கிரைண்ட், வைண்ட், ஃப்ரீஸ் போன்றவை – 2,000 ஆண்டுகள்.
5. இன்னும் அரிதானவை – 700 ஆண்டுகள், 300 ஆண்டுகள்.

நான்காவது வரிசையை நம் பாணியில் போட்டுப் பார்ப்போம். மிச்சம் இருக்கும் பங்கு = ½ இன் அடுக்கு (காலம் ÷ அரை ஆயுள்). 500 ஆண்டுகளுக்கு, அடுக்கு 500 ÷ 2000 = 0.25. விடை 0.84. அதாவது இந்த வரிசையில் 100 சொற்கள் இருந்தால், 500 ஆண்டுகளில் 16 சொற்கள் ஈ.டி. வாங்கிக்கொள்ளும். 84 அப்படியே இருக்கும்.

இதற்குக் காரணம் எளிது. தினமும் கையில் எடுக்கும் ஸ்பேனர் துருப்பிடிக்காது. வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கும் டூல் எங்கே இருக்கிறது என்றே மறந்துபோகும், கையில் கிடைப்பதை வைத்து வேலையை முடித்துவிடுவோம். ‘வென்ட்’ என்று தினம் நூறு தடவை கேட்டால் மறக்க முடியுமா? அரிதாகக் கேட்கும் சொல்லுக்குத்தான் கைவசம் இருக்கும் ஈ.டி.யைப் போட்டு ஒப்பேற்றுகிறார்கள்.

இதே வேகத்தில் போனால் கி.பி. 2500ல் இந்த 177ல் 83 மட்டுமே முறை தவறி நிற்கும் என்பது அவர்கள் கணிப்பு. அடுத்து ஈ.டி. வாங்கப் போவது ‘வெட்’ (திருமணம் செய்துகொள்) என்ற சொல்லாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். அதற்கு ‘வெடட்’ என்ற வடிவம் ஏற்கெனவே பல இடங்களில் புழங்குகிறது.

நீ போய் நீங்கள் வந்த கதை

வினைச்சொல் மட்டுமா மாறுகிறது? ஆங்கிலத்தில் முன்பு ஒருவரைக் குறிக்க ‘தௌ’, பலரைக் குறிக்க ‘யூ’ என்று இரண்டு இருந்தன. மரியாதைக்காக ஒருவரையே ‘யூ’ என்று அழைக்கத் தொடங்கினார்கள். நாம் ஒரு பெரியவரை ‘நீங்கள்’ என்கிறோமே, அதேதான். மரியாதை கூடிக்கூடி, கடைசியில் ஆங்கிலத்தில் ‘நீ’ செத்தே போனது. ‘நீங்கள்’ மட்டும் மிஞ்சியது. அதனால்தான் ஒரே ஆளிடம் பேசும்போதும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினை போடுகிறோம்.

பிறகு ஒரு சிக்கல். பலரைக் குறிக்கத் தனிச்சொல் இல்லாமல் போயிற்று. அமெரிக்காவின் தென்பகுதியில் ‘யால்’ (யூ ஆல்) என்று புதிதாக ஒன்று உண்டாக்கிக்கொண்டார்கள். அயர்லாந்தில் ‘யூஸ்’ என்கிறார்கள். தமிழிலும் இது நடந்திருக்கிறது. பன்மையாக இருந்த ‘அவர்’ மரியாதை ஒருமை ஆனதும், பன்மைக்கு மேல் பன்மையாகக் ‘கள்’ சேர்த்து ‘அவர்கள்’ என்றோம். மனித மூளை எந்த ஊரிலும் ஒரே மாதிரிதான் ரிப்பேர் பார்க்கிறது.

இன்று ‘தே’ என்ற சொல் அதே பாதையில் போகிறது. ஆணா பெண்ணா என்று தெரியாதபோது ஒருவரையே ‘தே’ என்பது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. இப்போது அது பெருகி, 2019ல் மெரியம்-வெப்ஸ்டர் அகராதி ‘தே’யை ஆண்டின் சொல்லாக அறிவித்தது.

இன்னொரு வேடிக்கை. நாம் லேப் ரெக்கார்டில் பாசிவ் வாய்ஸில் எழுதுகிறோம். ‘த பிரிட்ஜ் ஈஸ் பீயிங் பில்ட்’ என்றால் இன்று சுத்தமான இலக்கணம். 18ஆம் நூற்றாண்டில் அதை ‘த பிரிட்ஜ் ஈஸ் பில்டிங்’ என்றுதான் எழுதுவார்கள். ‘ஈஸ் பீயிங்’ புதிதாக வந்தபோது, அது அசிங்கம், மொழிக்கே அவமானம் என்று பண்டிதர்கள் எதிர்த்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ரிச்சர்ட் கிராண்ட் ஒயிட் அதைக் கடுமையாகச் சாடினார். அன்று அவமானம், இன்று அஞ்சு மார்க்!

2200ல் ஒரு இங்கிலீஷ் பேப்பர்

இனி கற்பனை. 2200ஆம் ஆண்டில் ஒரு மாணவன் படிக்கும் ஆங்கில இலக்கணம் எப்படி இருக்கும்? கேரண்டி தர முடியாது, ஆனால் இன்றைய அறிகுறிகளை வைத்து ஊகிக்கலாம்.

அநேகமாக நடக்கும்: ‘ஹூம்’ என்ற சொல் போய் எல்லா இடத்திலும் ‘ஹூ’ நிற்கும். பேச்சில் இன்றே பாதிக்கு மேல் போய்விட்டது. ‘இஃப் ஐ வேர்’ என்பது ‘இஃப் ஐ வாஸ்’ ஆகும்.

நடக்கலாம்: ‘கோயிங் டு’ சுருங்கி ‘கன்னா’ என்று எதிர்காலத்துக்கான துணைவினையாக எழுத்திலும் நுழையலாம். ‘கோயிங் டு’ முதலில் ஓர் இடத்துக்குப் போவதை மட்டும் குறித்தது. பிறகு எதிர்காலம் ஆனது. நாமும்தானே ‘மழை பெய்யப் போகுது’ என்கிறோம்? மழை எங்கே நடந்து போகிறது!

இதுவும் நடக்கலாம்: ‘இஸ்ன்ட் ஹீ, டோன்ட் தே, ஹேவ்ன்ட் யூ’ என்று கொஸ்டின் டேக் போட நாம் படும் பாடு இருக்கிறதே, அது ஒழியலாம். நம் நாட்டில் பலர் எல்லாவற்றுக்கும் ‘இஸ்ன்ட் இட்’ போடுகிறோம், நம் ‘இல்லையா’ மாதிரி. லண்டன் இளைஞர்களும் இப்போது எல்லாவற்றுக்கும் ‘இன்னிட்’ என்கிறார்கள். தாய்மொழிக்காரர்களைவிட இரண்டாம் மொழியாக ஆங்கிலம் பேசுவோர்தான் இன்று உலகில் அதிகம். அன்று வைக்கிங்குகள் செய்த வேலையை இனி நாம் செய்யலாம்!

சந்தேகம்தான்: ‘ஹீ கோஸ்’ என்பதில் வரும் கடைசி ‘ஸ்’ உதிருமா? இங்கிலாந்தின் நார்ஃபோக் வட்டாரப் பேச்சில் ‘ஹீ கோ’ என்றே சொல்வது உண்டு. ஆனாலும் எழுத்தில் அந்த ‘ஸ்’ கெட்டியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது.

பிரேக் எங்கே இருக்கிறது?

எல்லா மாற்றமும் எளிமையை நோக்கியே போகும் என்று நினைத்துவிட வேண்டாம். ‘ஸ்னீக்’ என்ற சொல்லுக்கு ‘ஸ்னீக்ட்’ என்ற ஒழுங்கான வடிவம் இருந்தும், அமெரிக்காவில் ‘ஸ்னக்’ என்று முறை தவறிய வடிவம் புதிதாகக் கிளம்பிப் பரவிவிட்டது. ‘டைவ்ட்’ இருக்க ‘டோவ்’ வந்தது. மொழி என்பது தண்டவாளத்தில் ஓடும் ரயில் அல்ல.

அச்சும் பள்ளிக்கூடமும் பெரிய பிரேக். இப்போது கம்ப்யூட்டரும் செல்போனும் சேர்ந்துகொண்டன. ‘டிராட்’ என்று டைப் செய்தால் உடனே சிவப்புக் கோடு போடுகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் ஏற்கெனவே எழுதப்பட்டதைப் படித்துத்தான் எழுதப் பழகுகின்றன. அதனால் பழைய இலக்கணமே நீடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நம் துறையிலேயே இன்னொரு பிரேக் இருக்கிறது. பேச்சில் ‘ஷல்’ குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் ஐ.எஸ். கோடு புத்தகத்தைத் திறந்தால் ‘ஷல்’ இல்லாத பக்கம் அபூர்வம். அங்கே ‘ஷல்’ என்றால் கட்டாயம், ‘ஷுட்’ என்றால் சிபாரிசு. மாற்றிப் படித்தால் வேலை கெட்டுவிடும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு 1980களில் ஐரோப்பாவில் ஒரு கட்டுப்படுத்தப்பட்ட ஆங்கிலத்தையே உருவாக்கினார்கள். அதன்படி, வேலை முறையைச் சொல்லும் வாக்கியம் 20 சொற்களைத் தாண்டக்கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். எந்த நாட்டு டெக்னீஷியன் படித்தாலும் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடாது என்பதே நோக்கம். தொழில்நுட்ப ஆங்கிலத்தின் நாளைய முகம் இதுவாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சின்ன வாக்கியம், தெளிவான சொல். நாம் பயப்படும் அலங்கார ஆங்கிலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, நமக்கு என்ன?

“எப்படியும் மாறத்தானே போகுது, எதுக்குப் படிக்கணும்?” என்று கேட்காதீர்கள். விட்வொர்த் மரையும் ஒரு நாள் மெட்ரிக் மரைக்கு வழிவிட்டது. அதற்காக இன்று கையில் இருக்கும் நட்டுக்குப் பொருந்தாத போல்ட்டை யாரும் மாட்ட மாட்டார்கள். இன்டர்வியூவில் எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் இருப்பது இன்றைய நட்டு. ஆகவே நான் கடைப்பிடிக்கும் மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

ஒன்று, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் உள்ள பெரிய பட்டியலை ஏ முதல் மனப்பாடம் செய்யாதீர்கள். அதிகம் புழங்கும் பத்து வினைச்சொற்கள் பீ, ஹேவ், டூ, கோ, சே, கேன், வில், சீ, டேக், கெட். பத்துமே முறை தவறியவை. இவற்றை முதலில் பழக்கிவிட்டால் அன்றாடப் பேச்சில் பெரும்பகுதி கைக்கு வந்துவிடும்.

இரண்டு, தெரியாத சொல்லுக்கு ஈ.டி. சேர்த்துப் பேசுங்கள். மௌனமாக நிற்பதைவிட அது மேல். தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். பேசாத வாக்கியத்தை யாராலும் திருத்த முடியாது.

மூன்று, யாராவது தப்பாகப் பேசினால் சிரிக்காதீர்கள். இது எனக்கு நானே சொல்லிக்கொள்வது.

இந்தக் கட்டுரையை மலர்க் குழுவிடம் கொடுக்கும் முன்பு என் நண்பனிடம்தான் முதலில் காட்டினேன். இப்போது இருவரும் இறுதியாண்டு. அரை ஆயுள் பட்டியலில் அவன் விரல் மூன்றாவது வரியில் நின்றது. “டிராவுக்கு 5,400 வருஷமா? அதுவும் பாதி சான்ஸ்தானா?” என்றான். கொஞ்ச நேரம் யோசித்தான். “அவ்வளவு நாள் வெயிட் பண்ண முடியாது மாப்ளே. ட்ரூன்னே வெச்சுக்கறேன்” என்றான்.

பிறகு தன் புராஜெக்ட் அசெம்ப்ளி டிராயிங்கைக் காட்டி, என்னிடம் நிதானமாக ஆங்கிலத்திலேயே சொன்னான்: “ஐ ட்ரூ திஸ்.”

முதலாண்டில் சிரித்ததற்காக அன்றைக்குத்தான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.